டிராப் போட்டும் தடுக்கவில்லையா? சுரிகாட்டா சென்சர் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

கல்லூரி லேப், சின்ன அலுவலகம், மருத்துவமனை என்று ஓரிரண்டு பேரே மொத்த நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்ளும் இடங்களிலிருந்து எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே ரகம். சென்சர் ஓடுகிறது, லாக் நிறைகிறது, ஆனால் தடுக்க வேண்டியது தடுபடவில்லை. இல்லையென்றால் தடுக்கக் கூடாதது தடுபடுகிறது. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பதில்கள் எல்லாம் லினக்ஸில் ஓடும் சுரிகாட்டாவுக்கானவை. நெட்வொர்க்கில் போகும் பேக்கெட்டுகளைப் பார்த்து, தாக்குதல் தெரிந்தால் எழுதி வைக்கும், வழியில் வைத்தால் தடுக்கவும் செய்யும் மென்பொருள் இது. இது ஓடும் கணினியைத்தான் சென்சர் என்கிறேன். ஓஐஎஸ்எஃப் அமைப்பு வளர்த்து வரும் திறந்த மூல மென்பொருள், 1.0 பதிப்பு 2010இல் வந்தது. பதிப்பைப் பொறுத்து மாறும் இடங்களில் 7ஆம் பதிப்பை வைத்துச் சொல்கிறேன்.

சார், லாக்ல அலர்ட் வருது. ஆனா அந்த சைட் ஓப்பன் ஆகிட்டுதான் இருக்கு. அப்ப பிளாக் ஆகலையா?

ஆகவில்லை. ரூல் என்பது எதைக் கண்டால் என்ன செய்வது என்று சென்சருக்குச் சொல்லும் ஒரு வரி. ஒவ்வொரு ரூலும் ஒரு செயலோடு தொடங்கும். அலர்ட் என்று தொடங்கினால் எழுதி வைப்பதோடு சரி, பேக்கெட் போய்விடும். டிராப் என்றால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். ரிஜெக்ட் என்றால் பேக்கெட்டைக் கீழே போடுவதோடு, டிசிபி இணைப்பை முறிக்கும் ரீசெட்டையும் அனுப்பும். பாஸ் என்றால் பார்க்காமலே விட்டுவிடும். நீங்கள் இறக்கும் எமர்ஜிங் திரெட்ஸ் என்ற ஆயத்தத் தொகுப்பின் ரூல்கள் ஏறக்குறைய எல்லாமே அலர்ட் என்றுதான் வரும். எதைத் தடுப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அது சரியான ஏற்பாடும்கூட.

சுரிகாட்டா எழுதும் ஈவ்.ஜேசன் என்ற லாக் கோப்பைத் திறந்து, அந்த அலர்ட் பதிவுக்குள் ஆக்ஷன் என்ற இடத்தைப் பாருங்கள். ‘அலவ்டு’ என்று இருந்தால் போய்விட்டது, ‘பிளாக்டு’ என்று இருந்தால் தடுபட்டது. யார் என்ன சொன்னாலும் முதலில் இந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

ரூல்ல அலர்ட்டை எடுத்துட்டு டிராப்னு மாத்திட்டேன். ரீஸ்டார்ட்டும் பண்ணிட்டேன். அப்பவும் போகுதே?

ஃபாஸ்ட்.லாக் கோப்பில் அந்த வரியைத் தேடுங்கள். ‘டிராப்’ என்று அடைப்புக்குள் இருக்கிறதா, அல்லது அதற்கு முன்னால் சின்ன டபிள்யூ சேர்ந்து ‘டபிள்யூடிராப்’ என்று இருக்கிறதா? டபிள்யூ இருந்தால், ‘நான் மட்டும் வழியில் இருந்திருந்தால் தடுத்திருப்பேன்’ என்று சென்சர் சொல்கிறது. ரூலில் குறை இல்லை. சென்சர் கண்காணிக்கும் முறையில் ஓடுகிறது, தடுக்கும் முறையில் (இன்லைன், அதாவது டிராஃபிக் போகும் வழியிலேயே நின்று) ஓடவில்லை.

என்னிடம் வரும் புகார்களில் அதிகம் இதுதான். ஆட்கள் ரூலை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருப்பார்கள். கோளாறு வயரில் இருக்கும். ஸ்விட்சின் மிரர் போர்ட்டில் செருகிய சென்சர் தெருமுனை கேமரா மாதிரி. திருடனைப் பார்க்கும், கையைப் பிடிக்காது. அதற்கு வருவது பேக்கெட்டின் நகல். அசல் அதற்குள் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நகலைக் கிழித்துப் போட்டு என்ன பயன்?

எங்க சென்சர் இன்லைன்ல இருக்கா இல்லையான்னு எப்படி உறுதியா தெரிஞ்சுக்கிறது? முன்னாடி இருந்தவர் போட்டுட்டுப் போனது.

முதலில் கேபிளைக் கண்ணால் பாருங்கள். ஃபயர்வாலிலிருந்து வரும் கேபிள் சென்சரின் ஒரு கார்டில் நுழைந்து, மறு கார்டிலிருந்து ஸ்விட்சுக்குப் போகிறதா? அல்லது சென்சரே கேட்வேயாக இருந்து எல்லாரையும் ரூட் செய்கிறதா? இரண்டும் இல்லாமல் ஒரே ஒரு கேபிள் ஸ்விட்சிலிருந்து வந்து நின்றுவிட்டால் அது மிரர்தான்.

அடுத்து, ஓடும் புராசஸின் கட்டளை வரி. ஹைபன் கியூ என்றும் ஒரு எண்ணும் இருந்தால் நெட்ஃபில்டர் கியூ (என்எஃப்கியூ, கர்னல் பேக்கெட்டைச் சுரிகாட்டாவின் தீர்ப்புக்கு ஒப்படைக்கும் வரிசை) வழியாக இன்லைனில் ஓடுகிறது. ஏஎஃப்-பேக்கெட் (கார்டிலிருந்து நேரடியாகப் பேக்கெட்டை எடுக்கும் முறை) என்று இருந்தால் அது இரண்டு விதமாகவும் இருக்கலாம், சுரிகாட்டா.யாமல் கோப்பில் அந்த இன்டர்ஃபேஸின் கீழே காப்பி-மோட் என்ற வரி ‘ஐபிஎஸ்’ என்று இருக்க வேண்டும். ‘டேப்’ என்று இருந்தால் பேக்கெட்டை ஒரு கார்டிலிருந்து மறு கார்டுக்குக் கடத்தும், ஆனால் எதையும் தடுக்காது. கேபிள் எல்லாம் சரியாக இருந்தும் தடுக்காமல் போகிறது என்றால் இந்த ஒரு சொல்லே காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது, ஈவ்.ஜேசனில் வரும் ஸ்டாட்ஸ் பதிவு. அதில் ஐபிஎஸ் என்ற பிரிவில் அக்செப்டட், பிளாக்டு என்று எண்கள் ஏறிக்கொண்டிருந்தால் சென்சர் நிஜமாகவே வழியில் இருக்கிறது.

மிரர் போர்ட்லயே வச்சுக்கிட்டு ரிஜெக்ட் போட்டா தடுக்காதா அண்ணா?

சில சமயம் தடுக்கும். அதை நம்பி இருக்காதீர்கள். சென்சர் ரீசெட் அனுப்பும் நேரமும் அசல் பேக்கெட் போய்ச் சேரும் நேரமும் போட்டி போடும். பெரிய கோப்பு இறங்கிக்கொண்டிருந்தால் நடுவில் முறிக்கலாம். ஒரே பேக்கெட்டில் முடியும் தாக்குதலை முறிக்க முடியாது, அதற்குள் வேலை முடிந்திருக்கும். யூடிபிக்கு ரீசெட்டே கிடையாது. ஐசிஎம்பி பிழைச் செய்திதான் போகும், அதை எதிர்முனை மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இன்னொன்று. பல ஸ்விட்சுகள் மிரர் போர்ட்டிலிருந்து உள்ளே வரும் பேக்கெட்டை ஏற்காது. சிஸ்கோ ஸ்விட்சுகளில் அந்த மிரர் அமைப்பிலேயே ‘இன்கிரெஸ்’ என்று சேர்த்தால்தான் உள்ளே விடும். அது இல்லாமல் சென்சர் அனுப்பும் ரீசெட் எல்லாம் ஸ்விட்ச் வாசலிலேயே செத்துப்போகும்.

டெஸ்ட் பண்றதுக்கு நிஜ அட்டாக் எங்க போய்த் தேடுறது?

தேட வேண்டாம். 2100498 என்ற எண்ணுள்ள பழைய ரூல் ஒன்று இருக்கிறது. லினக்ஸில் ஐடி கட்டளை அடித்தால் ரூட் பயனருக்கு வரும் ‘யுஐடி=0’ என்று தொடங்கும் அந்த வரி நெட்வொர்க்கில் போனால் இது கத்தும். இதைச் சோதிக்கவே டெஸ்ட்மைநிட்ஸ் டாட் ஆர்க் என்ற தளத்தில் அந்த ஒரு வரியை மட்டும் தரும் பக்கம் உண்டு. 2100498ஐ டிராப் ஆக்குங்கள். பிறகு சென்சருக்குப் பின்னால் இருக்கும் ஒரு கணினியிலிருந்து கர்ல் கட்டளையால் அந்தப் பக்கத்தைக் கேளுங்கள். எச்டிடிபியில் கேளுங்கள், எச்டிடிபிஎஸ் வேண்டாம்.

என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பது முக்கியம். கேள்வி வெளியே போகும், ஏனென்றால் கேள்வியில் தப்பு எதுவும் இல்லை. பதில் திரும்பி வரும்போது சென்சர் அதைக் கீழே போடும். சர்வர் பதில் போகவில்லை என்று மறுபடி அனுப்பும், அதுவும் விழும். கர்ல் பக்கம் கர்சர் மட்டும் மின்னிக்கொண்டு அப்படியே நிற்கும். அந்தத் தொங்கல்தான் வெற்றி. உடனே ‘கனெக்ஷன் ரீசெட்’ என்று வந்தால் ரூல் ரிஜெக்டாக இருக்கிறது. ‘யுஐடி=0’ வரி திரையில் வந்துவிட்டால் தடுக்கவில்லை.

சென்சர் கணினியிலேயே உட்கார்ந்து இந்தச் சோதனையைச் செய்து, ‘தடுக்கவில்லை’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். கடந்து போகும் டிராஃபிக்கைப் பார்க்க வைத்த சென்சர் தன் சொந்த டிராஃபிக்கைப் பார்க்காது.

ஐபிடேபிள்ஸ்ல என்எஃப்கியூ ரூல் போட்டாச்சு. சுரிகாட்டாவும் ஓடுது. ஆனா ஒரு பேக்கெட்கூட அதுக்கு வரலையே?

இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஐபிடேபிள்ஸ் என்ற லினக்ஸ் ஃபயர்வாலில் எந்தச் செயினில் (ரூல் வரிசையில்) போட்டீர்கள்? சென்சர் கேட்வேயாக இருந்தால் ஃபார்வர்டு செயின். அந்தக் கணினியையே காப்பாற்ற வேண்டும் என்றால் இன்புட், அவுட்புட் இரண்டும். கேட்வேயில் இன்புட்டில் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் வராது.

இரண்டு, எத்தனையாவது வரி? ஹைபன் பெரிய ஏ போட்டுச் சேர்த்தால் ரூல் கடைசியில் போய் உட்காரும். அதற்கு மேலேயே ‘ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்பை அனுமதி’ என்ற வரி இருந்தால், பெரும்பாலான பேக்கெட் அங்கேயே இறங்கிவிடும். இணைப்பின் முதல் பேக்கெட் மட்டும் கியூவுக்கு வரும். சுரிகாட்டா முழு உரையாடலையும் பார்க்காவிட்டால் ரூல் பொருந்தவே பொருந்தாது. அதனால் ஹைபன் பெரிய ஐ போட்டு மேலே வையுங்கள். ஹோம் ரவுட்டர் வகைச் சாதனங்களில் ஃப்ளோ ஆஃப்லோடிங் போட்டிருந்தாலும் இதே கதைதான்: நிலைபெற்ற இணைப்பு ஃபார்வர்டு செயினையே தொடாமல் குறுக்கு வழியில் போய்விடும். அதை அணைக்க வேண்டும்.

நிஜமாக வருகிறதா என்று பார்க்க, புராக் கோப்பகத்தில் நெட், நெட்ஃபில்டர் என்று உள்ளே போனால் என்எஃப்நெட்லிங்க்_கியூ என்ற கோப்பு இருக்கும். கேட் போட்டுப் பாருங்கள். முதல் எண் கியூ எண். நீங்கள் ஐபிடேபிள்ஸில் கொடுத்ததும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் கியூவுக்கு வரியே இல்லை என்றால் சுரிகாட்டா அதில் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மூன்றாவது எண் வரிசையில் காத்திருக்கும் பேக்கெட். எட்டாவது எண் பேக்கெட் வர வர ஏறிக்கொண்டே போகும். அது அசையாமல் நின்றால் ஐபிடேபிள்ஸ் பக்கம்தான் கோளாறு. ஆறாவதும் ஏழாவதும் ஏறினால் ரூல் தடுக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். கியூ நிரம்பியோ சுரிகாட்டாவிடம் ஒப்படைக்க முடியாமலோ கர்னல் தொலைத்த பேக்கெட் அவை.

சுரிகாட்டா நின்னா ஆபீஸ் நெட்டே போயிடுது சார். எம்டி கத்துறார்.

கியூவுக்குப் போன பேக்கெட்டுக்குத் தீர்ப்பு சொல்ல ஆள் இல்லை என்றால் கர்னல் அதைக் கீழே போட்டுவிடும். ஐபிடேபிள்ஸ் ரூலின் கடைசியில் கியூ-பைபாஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்தால், கேட்க யாரும் இல்லாதபோது பேக்கெட் கியூவைத் தாண்டிப் போகும். ஐபிடேபிள்ஸுக்குப் பின் வந்த என்எஃப்டேபிள்ஸிலும் இதே பைபாஸ் உண்டு.

ஆனால் சுரிகாட்டா சாகாமல், திணறிக்கொண்டு மட்டும் இருந்தால் இது உதவாது. கியூ நிரம்பிவிடும், பேக்கெட் விழும். அதற்கு யாமல் கோப்பில் என்எஃப்கியூ பிரிவில் ஃபெயில்-ஓப்பன் என்று தனியாக ஒன்று இருக்கிறது. இரண்டும் வேறு வேறு நிலைமைக்கு, ஒன்று போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அதே சமயம் இரண்டையும் போடுவது என்றால், சென்சர் திணறும் நேரத்தில் பாதுகாப்பு இல்லை என்றும் ஒப்புக்கொள்கிறீர்கள். மருத்துவமனை மாதிரி இடத்தில் நெட் நிற்பதைவிட அது மேல் என்றுதான் நான் சொல்வேன். பணப் பரிவர்த்தனை சர்வருக்கு முன்னால் இருக்கும் சென்சருக்கு அதே பதிலைச் சொல்ல மாட்டேன். முடிவை நிர்வாகத்திடம் சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்எஃப்கியூ போட்டதுக்கு அப்புறம் எங்க பழைய ஃபயர்வால் ரூல் எதுவுமே வேலை செய்யல. இது ஏன்?

முன்பு ஒரு பதிலில் கியூ ரூலை மேலே வைக்கச் சொன்னேன் இல்லையா, அதன் பக்க விளைவு இது. வழக்கமான அக்செப்ட் முறையில் சுரிகாட்டா ‘போகலாம்’ என்று சொல்லிவிட்டால் அதுதான் இறுதித் தீர்ப்பு. அதற்குக் கீழே இருக்கும் வரிகளை அந்தப் பேக்கெட் பார்ப்பதே இல்லை. நீங்கள் போர்ட் மூடி வைத்த வரி கீழே இருந்தால் அது திறந்த மாதிரிதான். இதைக் கவனிக்காமல் விட்டால் சென்சர் வைத்ததாலேயே நெட்வொர்க் பலவீனமாகிவிடும்.

தீர்வு, யாமலில் என்எஃப்கியூ மோடை ‘ரிபீட்’ ஆக்குவது. அப்போது சுரிகாட்டா பார்த்த பேக்கெட்டில் ஒரு மார்க் குத்தி, செயினின் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்பும். ஐபிடேபிள்ஸ் ரூலில் ‘இந்த மார்க் இல்லாததை மட்டும் கியூவுக்கு அனுப்பு’ என்று சேர்க்க வேண்டும். மார்க்கைச் சேர்க்க மறந்தால் ஒரே பேக்கெட் கியூவுக்கும் செயினுக்கும் நடுவே சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஏஎஃப்-பேக்கெட்ல ரெண்டு கார்டு போட்டோம். ஒரு பக்கம் போகுது, திரும்பி வரல.

காப்பி-ஐஃபேஸ் என்ற வரியை இரண்டு கார்டுக்கும் எழுத வேண்டும். முதல் கார்டின் கீழ் இரண்டாவதன் பெயர், இரண்டாவதன் கீழ் முதல் கார்டின் பெயர். ஒன்றுக்கு மட்டும் எழுதினால் ஒரு வழிப் பாதைதான். கிளஸ்டர்-ஐடி இரண்டுக்கும் வேறு வேறு எண், திரெட்ஸ் இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கை.

அதே இரண்டு கார்டையும் லினக்ஸ் பிரிட்ஜிலும் சேர்த்து வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பிரிட்ஜும் சுரிகாட்டாவும் ஆளுக்கொரு நகலைக் கடத்தும். சுரிகாட்டா தடுத்ததைப் பிரிட்ஜ் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ‘லாக்கில் பிளாக்டு என்கிறது, ஆனால் பக்கம் திறக்கிறது’ என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி பிரிட்ஜ் இருக்கிறதா என்பதுதான்.

சின்ன சைட் ஓப்பன் ஆகுது, பெரிய ஃபைல் மட்டும் இறங்க மாட்டேங்குது. இதுவும் பிளாக்கிங்கா?

ஏஎஃப்-பேக்கெட் இன்லைனில் இது வந்தால் பெரும்பாலும் ரூல் தடுப்பது இல்லை. நெட்வொர்க் கார்டு ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ என்ற வசதிகளால் பல சின்னப் பேக்கெட்டுகளைச் சேர்த்து ஒரே பெரிய பேக்கெட்டாக மேலே கொடுக்கும். அதை அப்படியே மறு கார்டில் அனுப்பப் பார்த்தால், 1500 பைட் எம்டியுவில் (ஒரு பேக்கெட்டின் உச்ச அளவு) அது நுழையாது. எத்டூல் கட்டளையால் இரண்டு கார்டிலும் இவற்றை அணையுங்கள். அனுப்பும் பக்கத்தில் இதே மாதிரி இருக்கும் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓவையும் சேர்த்து அணைத்துவிடுவது என் வழக்கம். இரண்டு கார்டின் எம்டியுவும் ஒன்றா என்றும் பாருங்கள். கணினி மறுபடி தொடங்கினால் எத்டூல் மாற்றங்கள் போய்விடும், அதனால் அதைத் தொடக்கத்திலேயே ஓடும் சர்வீஸில் எழுதி வையுங்கள்.

நேத்து டிராப்னு மாத்துன ரூல் இன்னைக்குக் காலைல பார்த்தா பழையபடி அலர்ட்னு இருக்கு. யார் மாத்துறாங்க?

ரூல்களை இறக்கித் தரும் சுரிகாட்டா-அப்டேட் கருவி மாற்றுகிறது. வார் கோப்பகத்தின் கீழ் இருக்கும் சுரிகாட்டா.ரூல்ஸ் கோப்பை அது ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதும். அதில் கையால் மாற்றிய எதுவும் நிற்காது. ஈடிசி/சுரிகாட்டா கோப்பகத்தில் டிராப்.கான்ஃப் என்று ஒரு கோப்பு வைத்து, வரிக்கு ஒன்றாக ரூல் எண்ணை எழுதுங்கள். அடுத்த அப்டேட்டிலிருந்து அந்த எண்கள் தானாக டிராப் ஆகும். ஒரு குழுவின் பெயரையும் கொடுக்கலாம், ரெகுலர் எக்ஸ்பிரஷனும் கொடுக்கலாம். வேண்டாத ரூலை அணைக்க டிசேபிள்.கான்ஃப். உங்கள் சொந்த ரூல்களைத் தனிக் கோப்பில், 10,00,000 முதல் 19,99,999 வரையுள்ள எண்களில் வையுங்கள்.

அப்புறம், அப்டேட் ஓடினாலே ஓடிக்கொண்டிருக்கும் சுரிகாட்டாவுக்குத் தெரிந்துவிடாது. சுரிகாட்டாஎஸ்சி கருவியில் ரீலோட்-ரூல்ஸ் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் ஹைபன் பெரிய டி போட்டு ஒரு சோதனை ஓட்டம் விடுங்கள். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போன ரூல் லோட் ஆகாமல் போயிருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

அதே ரூல், அதே வெர்ஷன். ஹெட் ஆபீஸ்ல தடுக்குது, பிராஞ்சுல தடுக்கல.

ஹோம்_நெட்டைப் பாருங்கள். பெரும்பாலான ரூல் ‘வெளியிலிருந்து உள்ளே’ அல்லது ‘உள்ளேயிருந்து வெளியே’ என்று திசை சொல்லித்தான் எழுதப்பட்டிருக்கும். உள்ளே என்றால் எது என்பதை ஹோம்_நெட் சொல்கிறது. பிராஞ்சில் இருக்கும் ஐபி வரிசை அதில் இல்லை என்றால் ரூலுக்கு எல்லாரும் வெளியாட்கள்தான்.

சென்சர் நேட்டுக்கு (உள் ஐபிகளைப் பொது ஐபியாக மாற்றும் இடத்துக்கு) எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் இதில் சேரும். ஃபயர்வாலுக்கு வெளியே வைத்தால் உள்ளிருக்கும் நூறு கணினியும் ஒரே பொது ஐபியாகத் தெரியும். ஹோம்_நெட்டில் 192.168 வரிசையை எழுதிவிட்டு வெளியே வைத்தால் ஒன்றும் பொருந்தாது. உள்பக்கம் வையுங்கள். எந்தக் கணினி என்று லாக்கிலும் தெரியும்.

இப்ப எல்லாமே எச்டிடிபிஎஸ் தானே சார். அப்ப இந்த சென்சர் வச்சு என்ன பிரயோஜனம்?

பூட்டிய பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்துப் பொருத்தும் ரூல்கள் வேலை செய்யாது, உண்மைதான். மேலே சொன்ன சோதனையையே எச்டிடிபிஎஸ்ஸில் செய்தால் பக்கம் சாதாரணமாகத் திறந்துவிடும். ஆனால் டிஎல்எஸ் தொடங்கும்போது போகும் சர்வர் பெயர், டிஎன்எஸ் கேள்வி, கெட்ட பெயர் எடுத்த ஐபி பட்டியல், எஸ்எம்பி (விண்டோஸ் கோப்புப் பகிர்வு) மாதிரி உள் நெட்வொர்க் நெறிமுறைகள் எல்லாம் பெரும்பாலும் இன்னும் கண்ணில் படும். தடுப்பதற்கு இவற்றைத் தேர்ந்தெடுங்கள். சேவை நடத்துபவர் நீங்களே என்றால், டிஎல்எஸ் அவிழும் ரிவர்ஸ் பிராக்ஸிக்குப் பின்னால் சென்சரை வையுங்கள், அங்கே எல்லாம் தெரியும்.

7க்கு அப்கிரேட் பண்ணதுல இருந்து ரூலே பொருந்தாம டிராப் ஆகுது. என்னதான் நடக்குது?

7ஆம் பதிப்பில் எக்ஸெப்ஷன்-பாலிசி என்று ஒன்று ‘ஆட்டோ’ என்ற நிலையில் வருகிறது. இன்லைனில் ஆட்டோ என்றால், சுரிகாட்டாவால் சரியாகப் பரிசோதிக்க முடியாத நிலைமை வந்தால் தடுத்துவிடு என்று பொருள். நினைவக வரம்பு தாண்டியது, நெறிமுறையைப் பிரிக்கும்போது பிழை, இணைப்பின் தொடக்கத்தைப் பார்க்காமல் நடுவில் பிடித்தது, இதெல்லாம் அந்த நிலைமைகள். ரீஸ்டார்ட் செய்த உடனே டேட்டாபேஸ் இணைப்புகளும் எஸ்எஸ்எச் செஷன்களும் செத்துப்போகின்றன என்றால் கடைசிதான் காரணம்: முன்பே ஓடிக்கொண்டிருந்த இணைப்புகளின் தொடக்கத்தைப் புதிதாக எழுந்த சுரிகாட்டா பார்க்கவில்லை.

யூகிக்க வேண்டாம். ஈவ்.ஜேசனில் டிராப் வகைப் பதிவைத் திறந்தால் ரீசன் என்ற இடத்தில் காரணம் எழுதியிருக்கும். ‘ரூல்ஸ்’ என்றால் ரூல். ‘ஸ்ட்ரீம் மிட்ஸ்ட்ரீம்’ என்று இருந்தால் நான் சொன்னது. அந்தப் பதிவே வரவில்லை என்றால் யாமலில் டிராப் வெளியீடு அணைந்திருக்கும், இயக்குங்கள்.

இணையத்தில் தேடினால் எக்ஸெப்ஷன்-பாலிசியை மொத்தமாக ‘இக்னோர்’ ஆக்கச் சொல்வார்கள். பிரச்சினை போய்விடும், கூடவே ஒரு பாதுகாப்பும் போய்விடும். ஸ்ட்ரீம் பிரிவில் மிட்ஸ்ட்ரீம்-பாலிசி என்று தனியாக இருக்கிறது. அதை மட்டும் இக்னோர் ஆக்கினால் பெரும்பாலான அலுவலகங்களுக்குப் போதும். நினைவக வரம்பு காரணமாக விழுகிறது என்றால் வரம்பைக் கூட்டுங்கள், பாலிசியைத் தளர்த்தாதீர்கள்.

எங்க பேக்கப் சர்வரையே தடுக்குது. சப்ரஸ் போட்டேன். லாக்ல வரது நின்னுடுச்சு, ஆனா பேக்கப் இன்னும் ஓடல!

இது மிகவும் ஏமாற்றும் இடம். திரெஷோல்டு.கான்ஃபிகில் எழுதும் சப்ரஸ் அலர்ட்டை மட்டும்தான் மறைக்கும். ரூலின் செயல் டிராப் என்றால் அது தொடர்ந்து நடக்கும். முன்பு தடுப்பது தெரிந்தது, இப்போது தெரியாமல் தடுக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். டிராப் ரூலுக்குச் சப்ரஸ் போடவே கூடாது என்பது என் கருத்து.

இதற்கு பாஸ் ரூல் எழுத வேண்டும். சுரிகாட்டா வழக்கமாக பாஸ், டிராப், ரிஜெக்ட், அலர்ட் என்ற வரிசையில்தான் பார்க்கும். அதனால் பாஸ் எங்கே எழுதியிருந்தாலும் முந்திக்கொள்ளும். ஆனால் பாஸ் ஆன இணைப்பை அதற்கு மேல் எந்த ரூலும் பார்க்காது. பேக்கப் சர்வரின் ஐபி, எதிர்முனையின் ஐபி, அந்த ஒரு போர்ட் என்று குறுக்கி எழுதுங்கள். ‘இந்த ஐபி எங்கே போனாலும் பாஸ்’ என்று எழுதிவிட்டால், நாளை அந்த சர்வருக்குள் யாராவது புகுந்தால் சென்சர் வாயே திறக்காது.

தப்பு பண்ற ஐபியை ஒரு மணி நேரம் முழுசா நிறுத்தி வைக்க முடியுமா?

டிராப் என்பது அந்தப் பேக்கெட்டையும் அந்த இணைப்பையும் மட்டும் நிறுத்தும். அதே ஆள் உடனே புது இணைப்பு தொடங்கினால் மறுபடி முதலிலிருந்து பார்க்கும். முழுசாக நிறுத்த எக்ஸ்பிட்ஸ் என்ற வசதியைப் பயன்படுத்தலாம். ஒரு ரூல் பொருந்தும்போது அந்த மூல ஐபியின் மேல் 3600 நொடிக்கு ஒரு கொடி குத்தும், இன்னொரு டிராப் ரூல் கொடி இருக்கும் ஐபியிலிருந்து வருவதை எல்லாம் தடுக்கும். பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வாலை வைத்திருப்பவர்களுக்கு லெகசி மோட் என்று ஒன்று உண்டு, அது அலர்ட் வந்த ஐபியை ஃபயர்வால் பட்டியலில் சேர்த்துத் தடுக்கும்.

யோசித்துச் செய்யுங்கள். மொபைல் நெட்வொர்க்குகளில் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். ஒருவர் ஃபோனில் இருக்கும் வைரஸுக்காக உங்கள் சேவைக்கு வரும் மற்றவர்களையும் வெளியே நிறுத்துவீர்கள். யூடிபியில் மூல ஐபியைப் பொய்யாகவும் எழுதலாம். உங்கள் டிஎன்எஸ் சர்வரின் ஐபியைப் போட்டு யாராவது குப்பை அனுப்பினால், உங்கள் சென்சரே உங்கள் டிஎன்எஸ்ஸைத் தடுத்துவிடும். முழு இணைப்பு நிலைபெற்ற பிறகு பொருந்தும் டிசிபி ரூலுக்கு மட்டும் இந்தத் தண்டனையைக் கொடுங்கள்.

எதுக்கு இவ்வளவு யோசனை, எல்லா ரூலையும் டிராப் ஆக்கிட்டா?

செய்யாதீர்கள். ரூல் தொகுப்பில் வெறும் தகவலுக்காக எழுதியவை ஏராளம்: ‘பழைய பிரவுசர்’, ‘டைனமிக் டிஎன்எஸ் கேள்வி’, ‘பைத்தான் மென்பொருள் வெளியே பேசுகிறது’ என்கிற வகை. எல்லாம் டிராப் ஆனால் அன்று மதியமே யாராவது சென்சரைக் கழற்றச் சொல்வார்கள், கழற்றிய சென்சர் திரும்ப மாட்டப்படுவது அபூர்வம். முதலில் எல்லாவற்றையும் அலர்ட்டிலேயே ஒரு சம்பளத் தேதி, ஒரு மாதக் கடைசி தாண்டும் வரை ஓட விடுங்கள். உங்கள் இடத்தில் ஒரு முறைகூடப் பொய்யாகக் கத்தாத, கத்தினால் நிச்சயம் ஆபத்து என்கிற ரூல்களை மட்டும் சின்னச் சின்னக் கொத்தாக டிராப்.கான்ஃபில் சேருங்கள்.

ஈவ்ல பிளாக்டுன்னு தெளிவா இருக்கு. ஆனா அந்த கம்ப்யூட்டர்ல பக்கம் ஓப்பன் ஆயிடுச்சு. ரெண்டும் எப்படி உண்மையா இருக்கும்?

பிரிட்ஜ் பற்றி மேலே சொன்னேன். அது இல்லை என்றால் ஐபிவி6ஐப் பாருங்கள். ஐபிடேபிள்ஸ் ஐபிவி4க்கு மட்டும்தான். ஐபிவி6க்கு ஐபி6டேபிள்ஸில் தனியாகக் கியூ ரூல் எழுத வேண்டும். பிரவுசர் இரண்டு வழியையும் முயன்று பார்க்கும். வி4 வழியைச் சென்சர் தடுத்து, ‘பிளாக்டு’ என்று எழுதும். பிரவுசர் வி6இல் போய்ப் பக்கத்தைத் திறந்துவிடும், அந்த வழி சென்சரின் கண்ணிலேயே படாது. இரண்டும் உண்மைதான். என்எஃப்டேபிள்ஸில் ஐநெட் வகை டேபிளில் எழுதினால் ஒரே ரூல் இரண்டுக்கும் போதும்.

ஐபிவி6உம் இல்லை என்றால் அந்தக் கணினி வைஃபையிலும் கேபிளிலும் ஒன்றாக இருக்கிறதா, யாராவது ஃபோன் ஹாட்ஸ்பாட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

எதுவும் புரியல, யார்கிட்டயாவது கேட்கலாம்னு இருக்கேன். என்ன என்ன அனுப்பணும்?

சுரிகாட்டா பதிப்பு எண், ஹைபன் ஹைபன் பில்ட்-இன்ஃபோ கட்டளையின் வெளியீடு, எந்த முறையில் இன்லைன் என்பது, கேபிள் எப்படிப் போகிறது என்று கையால் வரைந்த படம் (ஃபோனில் எடுத்து அனுப்பினால் போதும்). அந்த ஒரு ரூல் முழு வரியாக, எண்ணோடு. அது பொருந்திய ஈவ்.ஜேசன் பதிவு ஒன்று, டிராப் பதிவு இருந்தால் அதுவும். ஐபிடேபிள்ஸ் பட்டியலை வரி எண்ணோடும் பேக்கெட் எண்ணிக்கையோடும் எடுங்கள், எண்ணிக்கை இல்லாத பட்டியல் பாதிதான் பேசும்.

பொதுவெளியில் போடுகிறீர்கள் என்றால் பொது ஐபியையும் ஆட்களின் பெயர் தெரியும் ஹோஸ்ட் பெயர்களையும் மாற்றிவிடுங்கள். ஆனால் ஒரே ஐபியை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மாற்றுங்கள். ஒரு கோப்பில் ஒன்றும் இன்னொன்றில் வேறொன்றுமாக மாற்றி அனுப்பினால், எந்தப் பேக்கெட் எங்கே போனது என்று படிப்பவரால் தொடர முடியாது.